கொழுந்துக்குள் போன டைனோசர்

குன்னூரில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு சிறிய நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்ட அங்கே ஆள் தேடினார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இப்படி அழைப்பு வருவது உங்களுக்கும் பழகியிருக்கும். ஓய்வுபெற்றவர் சும்மா இருப்பவர், சும்மா இருப்பவருக்குக் குழந்தைகளைப் பிடிக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நூலகத்தில் இருக்கும் பெண் என் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்தாள். அட்டையில் பச்சை டைனோசர் ஒன்று பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப எல்லாப் புள்ளைகளும் இதத்தானுங்கம்மா கேக்குது. நீங்க படிச்சா நல்லா இருக்கும்" என்றாள்.

எனக்கு ரத்த அழுத்தம், சத்தம் போட்டுப் படிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. கல்வித்துறை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து, மற்றவர்கள் கொடுத்த பொய் மருத்துவச் சான்றிதழ்களை உரிய குறிப்புடன் திருப்பி அனுப்பியவள் நான். என் சொந்தப் பொய்யை அந்தப் பெண் மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டாள். நிர்வாகம் இப்போதெல்லாம் அவ்வளவு தளர்ந்துவிட்டது.

உண்மைக் காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். ஒரு டைனோசர் புத்தகத்தை வைத்து நான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. குழந்தைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு எல்லாம் தெரியும்.

சேரம்பாடிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா பெரிய கிளார்க். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். ஆபீஸ் குவார்ட்டர்ஸில் ஓடு போட்ட வீடு, வாசலில் ரோஜாச் செடி, அலமாரியில் ஆங்கில அகராதி. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டாமல் படிக்கிற ஒரே பிள்ளை நான்தான். அதை மற்றவர்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் சிலோனிலிருந்து திரும்பியவர்களை லாரிகளில் கொண்டுவந்து புது லைன் வீடுகளில் இறக்கினார்கள். திரும்பியவர்கள் என்பது அரசாங்கக் காகிதத்தின் சொல். அவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணை அதற்குமுன் பார்த்ததில்லை. தகரப் பெட்டி, அலுமினியப் பானை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குடும்ப அட்டை இவற்றோடு மழையில் இறங்கி நின்றார்கள். நாங்கள் லைன் வீடு என்றதை அவர்கள் லயம் என்றார்கள். அறையைக் காம்பரா என்றார்கள். 'சார்' என்பதைச் 'சேர்' என்றார்கள். எங்கள் வகுப்புப் பையன்களுக்கு அதுவே ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. வாத்தியார் வந்தால், "சேறு வருது, எல்லாரும் மேல ஏறி ஒக்காருங்கடா" என்று கத்துவார்கள்.

அந்த லாரி ஒன்றில் வந்தவள்தான் நான் சொன்ன அந்தப் பெண். பதின்மூன்று வயது. எங்களைவிட ஒரு சாண் உயரம். அங்கே படித்ததற்கான சான்றிதழ் மண்டபம் முகாமில் நனைந்து கூழாகிவிட்டதாம். தலைமையாசிரியர் அவளை எங்கள் ஆறாம் வகுப்பில் தற்காலிகமாகச் சேர்த்திருந்தார். தற்காலிகச் சேர்க்கை என்றால் என்னவென்று உங்களில் துறையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஒரு பருவம் வைத்துப் பார்த்து, நடத்தை திருப்தி என்று தலைமையாசிரியர் எழுதினால் சேர்க்கை நிலைக்கும். எழுதாவிட்டால் பெயரை எடுத்துவிடலாம், யாரும் கேட்க முடியாது. பெயர் எடுபட்டால் அவள் எங்கே போவாள் என்பதிலும் ரகசியம் இல்லை. பன்னிரண்டு முடிந்த பிள்ளையைக் கொழுந்து பறிக்க எடுத்துக்கொள்ள அன்றைய சட்டத்தில் இடம் இருந்தது. பறிக்கிற ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி அவளுடைய உயரத்தை ஏற்கனவே பார்த்து வைத்திருந்தார்.

பள்ளிக்கூட நூலகம் என்பது ஒரு மர அலமாரி. அதில் நாற்பதோ ஐம்பதோ புத்தகங்கள். மேல்தட்டில் ஒரு டைனோசர் புத்தகம் இருந்தது. பழைய வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவைக் காலி செய்தபோது அவர் வீட்டுப் பிள்ளைகள் விட்டுப்போனது. அகலமான, கனமான, வழவழப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். சேற்றில் நிற்கும் நீண்ட கழுத்து, மூன்று கொம்பு, முதுகில் பலகை அடுக்கியது, பின்காலில் நிமிர்ந்து நிற்கும் பல்லன். படங்களில் பின்னால் வளர்ந்திருந்த மரப்பெரணி எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடை ஓரத்திலும் அப்படியே வளர்ந்திருந்தது. அதனால் சின்னப் பிள்ளைகள் யாரும் தனியாக ஓடைக்குப் போகமாட்டார்கள்.

மழை நாட்களில் விளையாட்டு வகுப்பு உள்ளேதான். சின்ன வகுப்புகளையும் எங்களோடு சேர்த்து உட்காரவைத்து, ஏதாவது படித்துக் காட்டச் சொல்வார் தலைமையாசிரியர். அது என் வேலையாக இருந்தது. டைனோசர் புத்தகத்தைப் பிரித்து, ஆங்கிலத்தில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொல்வேன். நீளம் இத்தனை அடி, எடை இத்தனை டன், உணவு இலை தழை. பிள்ளைகள் கால் விரலிடுக்கில் அட்டைப்பூச்சி தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அன்று புத்தகம் அவள் கைக்குப் போயிற்று. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மறுநாள் நான் வந்து படிக்க ஆரம்பித்ததும், "அந்த அக்கா சொல்லட்டும்" என்று ஒன்றாம் வகுப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

அவள் பல்லன் படத்தைத் தூக்கிக் காட்டினாள். "இவருதான் கங்காணி. கையப் பாத்தீங்களா, இத்துனூண்டு. வேல செய்யிற கையா இது? ஆனா வாயி? அடேயப்பா."

கங்காணி என்பது அவர்கள் ஊர் மேஸ்திரி. லைன் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் கதையில் டைனோசர்கள் சாகவில்லை. ரெண்டு தேசத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பாதி டைனோசர் அங்கே, பாதி இங்கே என்று முடிவு செய்துவிட்டார்கள். எல்லா டைனோசரும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலுக்கு வரிசையில் நிற்கின்றன. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஐயா மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஒம் பேரு என்னா? நெட்டக்கழுத்தன்ங்க. பொறந்த எடம்? முட்டைங்கய்யா. முட்டை எந்த மாவட்டம்? அது ஆத்தாவக் கேட்டாத்தான் விளங்கும்ங்க. ஆத்தா எங்க? அவளுக்கு இன்னும் கார்டு வரலீங்க. அங்கனயே நிக்கிறா."

சிரித்துக்கொண்டிருந்த லைன் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் சட்டென்று சிரிப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் வீடுகளிலும் யாராவது அங்கேயே நின்றிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியது வேறு.

"இதெல்லாம் பொய். டைனோசரெல்லாம் கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சு. பொஸ்தகத்துல தெளிவாப் போட்டிருக்குது" என்றேன்.

முன்வரிசையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப்பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்க செத்த நேரம் பேசாம இருங்க. நெட்டக்கழுத்தன் கப்பல்ல ஏறட்டும்."

தலைமையாசிரியர் கதவருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி எங்கள் ஊர் மழைக்கால வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேரம்பாடிப் பக்கம் மழை பிடித்தால் எதுவும் காயாது. சட்டை ஈரமாகவே பழசாகும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், புத்தகத்தில் பூஞ்சை பூக்கும். அதனால் மழைக்காலம் முழுவதும் சனிக்கிழமைதோறும் நூலகப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி டீ ஃபாக்டரிக்குக் கொண்டுபோவோம். அங்கே மேல்தளத்தில் பச்சைக் கொழுந்தை வாட வைக்க நீளமான கம்பிவலைத் தொட்டிகள் இருக்கும். அடியிலிருந்து மின்விசிறி வெதுவெதுப்பான காற்றை ஊதும். கொழுந்து இல்லாத தொட்டி ஒன்றில் புத்தகங்களை விரித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வாடும் கொழுந்தின் மணம் தாளில் ஏறிக்கொள்ளும். எங்கள் நூலகப் புத்தகம் எதைத் திறந்தாலும் நறுக்கிய ஆப்பிள் மாதிரி வாசம் வரும். பிற்காலத்தில் எத்தனையோ பள்ளி நூலகங்களை ஆய்வு செய்தேன், அந்த வாசம் எங்கும் இல்லை.

புத்தகங்களைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர ஒரு பிள்ளையைப் பொறுப்பாகப் போடுவார்கள். நோட்டில் அந்தப் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். அது பெரிய கௌரவம். எப்போதும் எனக்கே வந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ பொறுப்பு எடுத்துக்க. நல்லபடியாச் செஞ்சீன்னா ஒன்னோட சேர்க்கை ஃபாரத்துல திருப்தின்னு எழுதி அனுப்பிச்சர்றேன். அப்புறம் நீ இந்த ஸ்கூல் புள்ள."

அவள் "சரிங்க சேர்" என்று நோட்டில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மேல்தளத்தில் விசிறி இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. புத்தகங்களை விரித்துவிட்டு அவள் கீழே சாக்கை உதறப் போனாள். எங்கள் தொட்டிக்கு அடுத்த தொட்டியில் முந்தின நாள் கொழுந்து முழங்கை ஆழத்துக்கு வாடிக் கிடந்தது. நான் டைனோசர் புத்தகத்தை எடுத்து அந்தக் கொழுந்துக்குள் செருகி மேலே இலையை மூடினேன்.

என் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப எடுக்கும்போது ஒரு புத்தகம் குறையும். அவள் திட்டு வாங்குவாள். திங்கட்கிழமை நான் போய்க் கண்டுபிடித்துக் கொண்டுவருவேன். பொறுப்பு மறுபடி எனக்கு வரும். அவ்வளவுதான். வாடிய கொழுந்து திங்கட்கிழமை வரை அங்கேயே கிடக்காது என்பது எனக்குத் தெரியாது. ஃபாக்டரிக்கு இருநூறு கெஜத்தில் வளர்ந்தவள், தேயிலை எப்படி ஆகிறதென்று தெரிந்துகொள்ளத் தேவைப்படாத வீட்டில் வளர்ந்தவள்.

நான் நகர்வதற்குள் வயநாட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் கூடையோடு வந்தார். "மோளே, தள்ளி நிக்கு. எல போகுது." தொட்டியிலிருந்த கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தரையிலிருந்த துளையில் தள்ளத் தொடங்கினார். துளைக்குக் கீழே இலையைக் கசக்கும் ரோலர். நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். எனக்கு வாய் வரவில்லை. அவர் ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அள்ளியபோது அட்டையின் ஒரு மூலை தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே மெஷின் கடகடவென்று வேறு மாதிரிச் சத்தம் போட்டு நின்றது. நசுங்கிய பச்சையிலையோடு வண்ணத் தாள் துணுக்குகள் வந்தன. ஃபாக்டரி ஆபீசர் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு கண் இருந்தது. அந்தப் பொழுதுக் கொழுந்து மொத்தமும் வீண். கொட்டச் சொல்லிவிட்டார். அதற்குள் நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன். நோட்டில் இருந்தது அவள் கையெழுத்து.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குமுன் அவள் என்னைக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"நீ வச்சியா?"

"எதை?"

"தெரியாமத்தானே கேக்குறேன். நீ வச்சிருந்தா சொல்லிப்புடு. பெரிய கிளார்க்கு மகள அடிக்கவா போறாங்க? எனக்கு இஸ்கூல் போயிரும்."

"நான் எதுக்கு வெக்கறேன்? எங்கூட்ல எத்தனையோ பொஸ்தகம் இருக்குது" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலே அல்ல என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

அன்று மாலை அப்பா காபியை ஆற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். பள்ளிக்கூடத்திடம் விளக்கம் கேட்ட ஃபாக்டரி மெமோவை அவர்தான் டைப் அடித்திருந்தார்.

"பெருசா ஒண்ணுமில்ல. தெரியாம வெளையாட்டுல வெச்சுட்டோம்னு எந்தப் புள்ளையாச்சும் ஒத்துக்கிட்டா, கண்டிச்சு விட்டாச்சுன்னு எழுதி ஃபைல மூடிரலாம். புதன்கெழமைக்குள்ள பதில் போகோணும். ஆருமே ஒத்துக்கலீன்னா கையெழுத்துப் போட்ட புள்ள தலையிலதான் விழுகும்."

"பாவமுங்க, அந்தப் புள்ள" என்றாள் அம்மா.

"பாவந்தான். ரூல் அப்படி."

நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். நண்பர்களே, அதற்குப்பிறகு என் பணிக்காலத்தில் எத்தனையோ விதிகளைக் கற்றேன். எந்த விதியும் அவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுடைய அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். மலைமேலிருந்து நேராக வந்தார். இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கிலிருந்து தண்ணீர் சொட்டி, தலைமையாசிரியர் அறைச் சிமெண்டுத் தரையில் ஓடியது. வகுப்பிலிருந்து எல்லாம் கேட்டது.

"ஏனுங்க, புள்ளையக் கேட்டுப் பாத்தீங்களா? எதுக்கு வெச்சுதுன்னு சொல்லுச்சுங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"அவ வைக்கல சேர்."

"அம்மாமாருங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

"சேர், இவ தேயிலைக்குள்ள பொறந்தவ. கொழுந்துக்குள்ள கல்லு, குச்சி, எதுவும் போகப்படாதுன்னு ஆயா பாக்குற பிள்ளக்காம்பராவுல தவழுறப்பவே தெரியும். இத்தன வருசத்துல எங்க கூடையில ஒரு காஞ்ச இலை வந்ததில்ல. கொழுந்து மேல கைய வச்சு இந்த வேல பண்றது தேயிலை தெரிஞ்ச பிள்ளை இல்ல சேர். தெரியாத பிள்ளை."

இதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் எந்த விசாரணைக் கோப்பிலும் படித்ததில்லை. அந்தப் பள்ளியில் தேயிலை தெரியாத பிள்ளைகளை எண்ண ஒரு கை போதும். சனிக்கிழமை அந்த மேல்தளத்தில் இருந்தவள் அவர்களில் ஒருத்திதான். தலைமையாசிரியர் நல்ல மனிதர். அவளைச் சேர்த்துக்கொண்டவரே அவர்தான். ஆனால் பெரிய கிளார்க் மகளை அவர் பிள்ளைகளின் பட்டியலில் வைத்திருந்தாரே தவிர, சந்தேகப்படக் கூடியவர்களின் பட்டியலில் வைத்திருக்கவில்லை.

"நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா நோட்டுல கையெழுத்து இருக்குதே" என்றார்.

புதன்கிழமை நான் அவர் அறை வாசலுக்குப் போனேன். போனேன் என்பதை என் பக்கம் எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் ஏதோ காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்ன கண்ணு?" என்றார். குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. அந்த அன்பு போய்விடுமே என்று இருந்தது.

"சாக்பீஸ் தீந்துபோச்சுங்க சார்" என்றேன்.

இரண்டு சாக்பீஸ் கொடுத்தார்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. விளையாட்டு வகுப்பில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். "நெட்டக்கழுத்தன் கப்பல விட்டு எறங்கி ரயில்ல ஏறிட்டானா?" என்று மூக்கு ஒழுகும் சின்னப்பெண் என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். வேறொரு புத்தகத்தைப் பிரித்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வரும் வழியில் மேல்மலையில் கொழுந்து பறிக்கும் வரிசையைப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சாக்கு, ஒரே மாதிரித் தலைத்துண்டு. அவள் உயரத்தில் நாலைந்து பேர் தெரிந்தார்கள். நான் நின்று தேடவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் எத்தனை வழி இருந்தது! பூஞ்சையால் சேதம் என்று ஒரு வரி எழுதி அந்தப் புத்தகத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கியிருக்கலாம். சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு நீட்டியிருக்கலாம். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. பின்னாளில் சான்றிதழ் தொலைத்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த வழிகளில் எல்லாம் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கறாரான அதிகாரி, ஆனால் ஏழைப் பிள்ளைகள் விஷயத்தில் இளகிய மனம் என்று விடைபெறும் விழாவில் ஒருவர் பேசினார். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்காகச் செய்த எதுவும் அவளுக்குப் போய்ச் சேராது. இருந்த எல்லா வழிகளிலும் எளியது, பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வார்த்தை பேசுவது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். சேர்க்கைப் பதிவேடு மேசைமேல் விரிந்து கிடந்தது. அவருக்குக் கை நடுக்கம் உண்டு, எழுத்து கோணலாகப் போகும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்கும் பதிவேடு என்பதால் அழகாக எழுதுகிற பிள்ளை எழுதினால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அவள் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது: பள்ளியை விட்டு நீங்கிய காரணம்.

"என்னன்னு எழுதறதுங்க சார்?" என்று கேட்டேன்.

"பெற்றோர் விருப்பப்படி" என்றார். "அப்படிப் போட்டாத்தான் அந்தப் புள்ளைக்குப் பின்னால கெட்ட பேரு வராது."

எழுதினேன். கொம்பும் சுழியும் பிசகாமல், கட்டத்துக்குள் சரியாக அடங்கும்படி எழுதினேன். அவர் குனிந்து பார்த்து, "முத்து முத்தா இருக்குது கண்ணு" என்று என் தலையில் கை வைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே மழை விடவில்லை. அந்த ஈரத்தில் மை லேசில் காயாது. யாராவது தெரியாமல் கை வைத்துவிட்டால் எழுத்து கலைந்துவிடுமே என்று, நன்றாகக் காயும்வரை அந்த வரியின்மேல் ஊதிக்கொண்டே நின்றேன்.